வீட்டு நாய்க்குப் பச்சை இறைச்சி

வீட்டில் வளரும் நாய்க்குச் சோற்றை நிறுத்திவிட்டுப் பச்சை இறைச்சியையே உணவாக இடலாமா என்னும் கேள்வியை அண்மைக் காலத்தில் மாணவர் பலர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். நான் கால்நடை மருத்துவன் அல்லேன். பள்ளியில் உயிர்நூல் கற்பித்த ஆசிரியன். ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. உயிர்நூல், வேதிநூல், வரலாறு, கணக்கு ஆகிய நான்கையும் தொட்டுச் செல்லாமல் அதற்கு விடை கூற இயலாது. தவறான விடையைக் கைக்கொண்டாலோ வருந்துவது நாய் மட்டும் அன்று. அதே வீட்டில் தவழும் குழந்தையும் வருந்த நேரும்.

நம் பக்கத்தில் முன்பு இக்கேள்வி எழ வழியே இல்லை. நாய்க்கென்று தனியே உலை வைப்பார் எவரும் இலர். மிஞ்சிய சோறு, புளித்த தயிர், குழம்பின் அடியில் கிடந்த எலும்பு, இவையே அதற்கு விருந்து. தென் மாவட்டங்களில் சிப்பிப்பாறை, கன்னி முதலிய வேட்டை நாய்களை வளர்த்தோரும் கூழ் வார்த்தே வளர்த்தனர். பின்னர்க் கடையில் விற்கும் உலர்ந்த உருண்டைத் தீனி வந்தது. இப்பொழுது அதற்கும் மறுப்பாக ஒரு கொள்கை வந்திருக்கிறது. நாய் ஓநாயின் வழியில் வந்தது. ஓநாய் அடுப்பு மூட்டுவதில்லை. ஆதலின் நாய்க்குரிய உணவு பச்சை இறைச்சியும் எலும்புமே. இதுதான் அக்கொள்கையின் சாரம்.

இரண்டின் பிறப்பையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நன்று. உருண்டைத் தீனியின் முன்னோடி, 1860ஆம் ஆண்டை ஒட்டி இலண்டன் மாநகரில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் செய்து விற்ற நாய் பிஸ்கோத்து ஆகும். அவர் அமெரிக்க நாட்டினர். இடிதாங்கி விற்கச் சென்றவர் என்பர். துறைமுகத்தில் கப்பலிலிருந்து எறிந்த காய்ந்த ரொட்டியைத் தெருநாய்கள் ஆவலுடன் தின்பதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாம். பச்சை உணவுக் கொள்கையைப் பலரும் அறியச் செய்தவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். நாய்க்கு எலும்பு கொடுக்கச் சொல்லி அவர் எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. நாயின் இயல்புக்கு ஏற்ற பச்சை உணவு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, ‘பார்ஃப்’ என்று அம்முறைக்குப் பெயர் வழங்குகிறது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கூறிய முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. ஆகவே ஓநாயிலிருந்தே தொடங்குவோம்.

நாய் ஓநாயின் வழிவந்தது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அது வழிவந்து நெடுங்காலம் ஆயிற்று. ஜெர்மனி நாட்டில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில், 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்று 1914இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் மனிதருடன் ஒரு நாயும் புதைக்கப்பட்டிருந்தது. அத்தனை காலமாக மனிதனின் குப்பைமேட்டையும் அடுப்படியையும் அண்டி வாழ்ந்த பிராணி, வயிற்றளவில் மாறாமலே இருந்திருக்குமா?

இதற்கு 2013இல் விடை கிடைத்தது. சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்சல்சன் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டனர். அரிசி, கோதுமை முதலியவற்றில் உள்ள மாவுச் சத்தைச் சிதைத்துச் சர்க்கரையாக்குவது அமிலேசு என்னும் நொதி. நாயினத்தில் அது கணையத்தில் சுரக்கிறது. அதனை ஆக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகளே உண்டு. நாய்களிலோ 4 முதல் 30 படிகள் வரை காணப்பட்டன! மனிதன் உழுதான், நாயின் கணையம் மாறியது. எல்லா நாய்களும் ஒரே அளவில் மாறிவிடவில்லை. உழவு அறியாத நிலத்தில் வாழ்ந்த ஆஸ்திரேலியக் காட்டு நாயாகிய டிங்கோவிடம் ஓநாயைப் போல் இரண்டு படிகளே உள்ளன. விதியை மெய்ப்பிக்க இதைவிட நல்ல விலக்கு வேண்டுமா? சோறு நாய்க்கு இயற்கைக்கு மாறான உணவு என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, ஓநாய் உண்பது என்ன? இறைச்சி என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கூறும். அஃது அரை விடையே. ஓநாய் மானைக் கொன்றால் தசையை மட்டும் தின்று எழுந்து போவதில்லை. ஈரல், குடல், குருதி, கொழுப்பு, கடிக்கக்கூடிய எலும்பு யாவும் அதன் வயிற்றுக்குள் செல்கின்றன. நாம் கறிக்கடையில் எலும்பு நீக்கி வாங்கும் இறைச்சி அந்த முழு உணவின் ஒரு பகுதியே ஆகும்.

இங்கே சிறிது கணக்குப் போடுவோம். கொழுப்பற்ற தசை இறைச்சி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 10 மில்லிகிராம். பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய் ஒன்று நாள்தோறும் அரைக் கிலோ இறைச்சி தின்பதாகக் கொள்வோம். அதற்குக் கிடைக்கும் சுண்ணாம்பு 50 மில்லிகிராம். பாஸ்பரஸ் 1,000 மில்லிகிராம். அந்நாய்க்கு வேண்டிய சுண்ணாம்போ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். அஃதாவது இருபதில் ஒரு பங்கே கிடைக்கிறது. மேலும், சுண்ணாம்பு பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதன் இரு மடங்கு வரையிலோ இருத்தல் வேண்டும். இங்கே விகிதம் தலைகீழாக நிற்கிறது.

குறையும் சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? குருதியில் அதன் அளவு குறைந்தால் இதயமும் தசையும் ஒழுங்காக இயங்க மாட்டா. ஆதலின் கழுத்தில் தைராய்டுச் சுரப்பியை ஒட்டியுள்ள சிறு சுரப்பிகள் தம் நீரைச் சுரந்து, எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக் குருதிக்குத் தருகின்றன. செலவுக்குப் பணம் இல்லாதவன் வீட்டு உத்தரத்தைக் கழற்றி விற்பது போன்றது இது. வளர்ந்த நாய் சில காலம் தாங்கும். குட்டி தாங்காது. எங்கள் தெருவில் ஓர் இளைஞர், உடல் முறுக்கேற வேண்டும் என்று, மூன்று மாதக் குட்டிக்கு எலும்பில்லாத கோழி இறைச்சியை மட்டுமே கொடுத்து வந்தார். குட்டியின் மேனி மினுமினுத்தது. இரண்டு திங்களில் முன்கால்கள் வளைந்தன. பின்னர்க் கட்டிலிலிருந்து குதித்தபோது கால் எலும்பு முறிந்தது. மருத்துவர் ஒளிப்படம் எடுத்துக் காட்டியபொழுது எலும்பின் நிழல் தசையின் நிழலைப் போலவே மங்கலாக இருந்தது. உணவைத் திருத்திய பின் குட்டி பிழைத்தது. நடையில் மட்டும் ஒரு சாய்வு நின்றுவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் தானியமே நல்லது என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. 1919ஆம் ஆண்டை ஒட்டி எட்வர்டு மெலன்பி என்னும் ஆங்கில அறிஞர் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள் அடைத்து, ஓட்ஸ் கஞ்சி முதலிய தானிய உணவை இட்டு வளர்த்தார். அவற்றின் எலும்புகளும் வளைந்தன. மீன் எண்ணெய் கொடுத்ததும் நோய் நீங்கியது. வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்தை உலகம் அறிந்த வரலாற்றில் இஃது ஒரு படி. வெயிலில் விட்டால் போதுமே என்பீர்கள். நம் தோல் வெயிலில் அச்சத்தை ஆக்கிக்கொள்ளும். நாயின் தோலால் போதிய அளவு ஆக்க முடியாது. உணவிலிருந்துதான் அதற்கு அது வர வேண்டும். மக்காச்சோளத்தையே பெரும்பாலும் தின்ற நாய்களுக்கு நாக்குக் கறுக்கும் நோய் வந்ததும், 1937இல் கான்ராடு எல்வியம் என்பவர் நிக்கோடினிக் அமிலத்தால் அதனைத் தீர்த்ததும், அதே மருந்து மனிதரின் பெல்லக்ரா நோயைத் தீர்த்ததும் நீங்கள் தேடிப் படிக்கத்தக்க வரலாறுகள்.

பச்சையாக உண்பதிலேயே ஏதோ தனி ஆற்றல் இருப்பதாகக் கருதுவோர், கலிபோர்னியாவில் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்னும் மருத்துவர் 1932 முதல் 1942 வரை நடத்திய சோதனையைச் சான்றாகக் காட்டுவர். சமைத்த இறைச்சி தின்ற விலங்குகள் நலிந்தன; பச்சை இறைச்சி தின்றவை செழித்தன. உண்மைதான். ஆனால் அவை பூனைகள். டாரின் என்னும் பொருளைப் பூனையின் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது; சமைக்கும்போது வடியும் நீருடன் அது போய்விடும். பூனைக்கு டாரின் எவ்வளவு இன்றியமையாதது என்பது 1970களுக்குப் பிறகே தெளிவாயிற்று. நாய் பொதுவாக அதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனைக்குரிய சான்றை நாய்க்குக் கொள்வது பொருந்தாது.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு நரிப்பண்ணையில் நரிகள் கால் விளங்காமல் விழுந்து இறந்தன. நரியும் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆராய்ந்ததில், அவற்றுக்குப் பச்சை மீன் இட்டது தெரிய வந்தது. கெண்டை முதலிய சில மீன்களில் தயமினை, அஃதாவது வைட்டமின் பி1ஐ, அழிக்கும் நொதி ஒன்று உள்ளது. மீனை வேகவைத்தால் அந்நொதி அழிந்துவிடும். இங்கே நெருப்பே மருந்தாயிற்று. பச்சை முட்டையின் வெள்ளைக் கருவும் அத்தகையதே. அதிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டின் என்னும் சத்தைப் பற்றிக்கொண்டு விடாது. வேகவைத்தால் அதன் பிடி தளரும்.

இனிக் கிருமிகளைப் பற்றிக் கூற வேண்டும். பச்சைக் கோழி இறைச்சியில் சால்மொனெல்லா முதலிய நுண்கிருமிகள் இருப்பது அரிதன்று. நாயின் வயிறு இவற்றைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் அவை நாயின் மலத்திலும் எச்சிலிலும் வெளிப்படும். நாய்க்கு நோய்க்குறி ஒன்றும் இராது; அது நக்கிய குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். இக்காரணம் பற்றியே அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் நாய்க்கும் பூனைக்கும் வேகாத இறைச்சி இடுவதை ஊக்குவிக்கலாகாது என்று கொள்கை வகுத்தது. குளிர்ப்பெட்டியில் உறைய வைத்தால் கிருமி சாகும் என்று நம்புவோர் பலர். உறைபனியில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் உறங்குமேயன்றிச் சாவதில்லை, இளகியதும் எழுந்துவிடும்.

இவை எல்லாவற்றினும் நம் நாட்டில் நான் அஞ்சுவது ஒரு புழுவை. நாயின் சிறுகுடலில் வாழும் சிறு நாடாப்புழு அது. ஒரு நெல்லின் நீளத்துக்கு மேற்படாது. எக்கினோகாக்கஸ் என்பது அதன் பெயர். புழுவின் முட்டைகள் நாயின் மலத்துடன் புல்லில் விழுகின்றன. ஆடு மேயும்போது அவற்றை விழுங்குகிறது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் அவை நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. அந்த ஈரலை நாய் பச்சையாகத் தின்றால், கட்டிக்குள் இருக்கும் எண்ணற்ற புழுத்தலைகள் அதன் குடலில் புழுக்களாகின்றன. இவ்வாறு வட்டம் சுழல்கிறது. மனிதன் இவ்வட்டத்தில் இடையே அகப்படுபவன். நாயின் மயிரிலோ தரையிலோ ஒட்டிய முட்டை கைவழியே வாய்க்குள் போனால், ஈரலில் கட்டி தோன்றிப் பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்து, தேங்காயளவு ஆன பிறகே தெரிய வரும், அறுவை தேவைப்படும். ஆட்டிறைச்சி தின்பதால் இந்நோய் நமக்கு வாராது. ஆட்டின் ஈரலைப் பச்சையாகத் தின்ற நாயால்தான் வரும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் நாடு ஐஸ்லாந்து. 19ஆம் நூற்றாண்டில் அச்சிறு தீவில் இந்நோய் உலகில் வேறெங்கும் காணாத அளவுக்குப் பரவியிருந்தது. ஆடு வளர்ப்பே அவர்கள் தொழில்; ஆட்டைக் காக்க வீடுதோறும் நாய்; இலையுதிர் காலத்தில் ஆடுகளை அறுக்கும்போது கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறிந்துவிடுவது வழக்கம். ஹரால்ட் கிராப்பே என்னும் டேனிஷ் அறிஞர் 1863இல் அங்குச் சென்று, நாய்களை அறுத்து ஆராய்ந்து, நோயின் வழியைக் கண்டறிந்தார். எழுதிய சிறு நூலொன்று வீடுதோறும் வழங்கப்பட்டது. எழுத்தறிவு பரவிய நாடாகையால் மக்கள் அதைப் படித்தனர். 1869இல் சட்டமும் வந்தது. கட்டியுள்ள உறுப்புகளை எரிக்கவோ புதைக்கவோ செய்தனர். 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குள் நோய் ஏறத்தாழ மறைந்தது. எந்த மருந்து? பெரும்பாலும் ஒரு சிறு நூல்! நியூசிலாந்தும் 1959இல் சட்டம் இயற்றி, பச்சை உள்ளுறுப்புகளை நாய்க்கு இடுவதைத் தடுத்து, 2002இல் இந்நோய் நீங்கியதாக அறிவிக்கும் நிலையை அடைந்தது. நம் ஊர்க் கறிக்கடைகளின் எதிரே, வாலாட்டிக்கொண்டு காத்திருக்கும் நாய்களுக்குக் கடைக்காரர் நுரையீரல் துண்டை எறிவதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள்.

இவ்வளவும் கூறியதால் நான் உருண்டைத் தீனியின் கட்சிக்காரன் என்று கொள்ள வேண்டா. 2007இல் வட அமெரிக்காவில் விற்ற நாய், பூனைத் தீனிகளில் மெலமின் என்னும் வேதிப்பொருள் கலந்திருந்ததும், பல விலங்குகள் சிறுநீரகம் கெட்டு இறந்ததும் மெய்யே. வீட்டுச் சமையலும் தானாகவே நிறைவுடையது ஆகிவிடாது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கிளையில் 2013இல் நாய்க்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 200ஐ ஆராய்ந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைவாக இருந்தது. ஜெர்மனியில் 2011இல் பச்சை உணவு முறையை ஆராய்ந்தவர்களும், நூற்றுக்கு அறுபதில் பெருங்குறை கண்டனர். ஆகவே பச்சையா, சமைத்ததா என்பதை முதல் கேள்வியாகக் கொள்வது எனக்கு உடன்பாடன்று. உணவில் எல்லாச் சத்தும் உண்டா, அதில் நோய்க் கிருமி இல்லையா என்னும் இரண்டுமே முதலில் கேட்கத்தக்கவை.

என் கருத்தைக் கேட்டால், இறைச்சியைச் சமைத்துக் கொடுங்கள் என்பேன். நாய்க்கு வேண்டியது புரதம். அது வெந்தாலும் புரதமே. அரிசியுடனோ கேழ்வரகுடனோ இறைச்சியும் வேகவைத்த முட்டையும் ஈரலில் சிறு துண்டும் காயும் சேரலாம். ஈரலை அளவு மீறி இடலாகாது. அதிலுள்ள வைட்டமின் ஏ மிகுந்தால் தீங்கு. வெங்காயம், பூண்டு, திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு, வேகவைத்தாலும் நஞ்சே. ஆதலின் மிஞ்சிய குழம்பை ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். முன் போட்ட கணக்கில் குறைந்த சுண்ணாம்பை ஈடு செய்ய முட்டை ஓடு உதவும். ஓர் ஓட்டில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் சுண்ணாம்பு உண்டு. கொதிநீரில் இட்டு, உலர்த்தி, மாவாக இடித்தால், அந்த 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குப் பாதி ஓடு போதும். குட்டிகளுக்கு இவ்வாறு கைக்கணக்கில் இடலாகாது. பேரினக் குட்டிகளுக்குச் சுண்ணாம்பு மிகுந்தாலும் எலும்பு கெடும். அவற்றின் உணவை மருத்துவரே வகுக்க வேண்டும். சமைத்த எலும்பு ஊசியாகப் பிளக்கும். எக்காரணம் கொண்டும் கொடுக்கலாகாது. பச்சை எலும்பு அவ்வளவு பிளப்பதில்லை எனினும், பல்லை உடைப்பதும் குடலை அடைப்பதும் அதற்கும் உண்டு.

இத்தனையும் அறிந்த பின்னும் பச்சை உணவுக்கே மாற்றுவேன் என்பாரும் இருப்பர். அவர்கள் குழந்தையோ, முதியவரோ, கருவுற்றவரோ, நோயால் தளர்ந்தவரோ உள்ள வீட்டில் அதைத் தொடங்கலாகாது, குட்டிக்குத் தொடங்கலாகாது, ஆட்டின் உள்ளுறுப்பைப் பச்சையாக இடலாகாது. மற்ற வீடுகளில், மனிதர் உண்ணத்தக்க இறைச்சியையே வாங்கி, தனிக் கத்தி, தனிப் பலகை, தனிக் கிண்ணம் வைத்துக்கொண்டு, தின்று மிஞ்சியதை உடனே அகற்றி, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நாயின் மலத்தை அன்றன்றே எடுத்துப் புதைக்க வேண்டும். மருத்துவரைக் கேட்டு நாடாப்புழுவுக்குரிய பிராசிகுவாண்டெல் மருந்தைக் காலந்தவறாமல் கொடுக்க வேண்டும்.

எந்த உணவிலிருந்து எந்த உணவுக்கு மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றுவது கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது, அடுத்துச் சரிபாதி, பின்னர் முக்கால், பத்தாம் நாள் முழுவதும். நடுவில் மலம் இளகினால் ஒரு படி பின்வாங்கி நிற்க வேண்டும். வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்து வர வேண்டும். நாய் தராசில் நிற்காதே என்று கவலைப்பட வேண்டா. அதனைத் தூக்கிக்கொண்டு எடைப் பொறியில் ஒருமுறை ஏறுங்கள். இறக்கிவிட்டுத் தனியே ஒருமுறை ஏறுங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து, தேதியிட்டு நாட்குறிப்பில் எழுதி வையுங்கள்.